எஃப் வரிசையில் ஒன்பது பெட்டி

அத்தியாயம் 17

2024 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை காலை, கம்பம் புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கும் உர மருந்து குடோனில் எஃப் வரிசை மூன்றாம் ரேக்கில் ஒன்பது பெட்டிகள் இருந்தன. கம்ப்யூட்டரில் பதினான்கு இருந்தது.

முத்துலட்சுமி விரல் வைத்து எண்ணினாள். பிறகு தட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். சுவர்தான் தட்டுப்பட்டது.

அந்த மருந்தின் பெயர் இங்கிலீஷில் நீளமாக இருக்கும். பள்ளத்தாக்கில் அதை நீலப் பாக்கெட் என்பார்கள். திராட்சை பூவெடுக்கும் சமயத்தில் மழை பெய்தால் செவட்டை நோய் விழும். பூ கருகிக் கொட்டும். அதற்கு முன்னால் அடிக்க வேண்டிய மருந்து இது. வெயில் காலத்தில் மாதம் இரண்டு பெட்டி போனால் அதிகம். சனிக்கிழமை மாலை பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்ததால், திங்கட்கிழமை இரவுக்குள் எட்டுக் கடைக்காரர்கள் சேர்ந்து பதினான்கு பெட்டி கேட்டிருந்தார்கள். இருப்பு இருக்கிறது என்று கம்ப்யூட்டரும் அத்தனை பேருக்கும் ஒப்புக்கொண்டுவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து அடுத்த லோடு வெள்ளிக்கிழமைதான்.

எட்டுக் கடைகளில் கடைசியாக ஆர்டர் போட்டவர் சுருளிப்பட்டி சுருளிராஜன். ஒரே ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் நான்கு பாக்கெட்டை முத்துலட்சுமியின் வீட்டுக்காரன் முத்துவீரன் சொல்லி வைத்திருந்தான்.

அவனுக்குச் சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. போன தடவை பூ கருகியது. அதற்கு முந்தைய தடவை பழம் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா பந்தலப் பிரிச்சிர்றேன் லட்சுமி. கம்பியாச்சும் எடைக்குப் போகும்." கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். அதனால் அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

இரண்டு நாளாக அந்தப் பேச்சு அவளோடுதான் குடோனுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

"என்னக்கா, தட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிறீக?" டிராலியைத் தள்ளிக்கொண்டு பூமாரி வந்தாள். பெட்டி எடுக்கிற எட்டுப் பேரில் அவள் ஒருத்தி. காமயகவுண்டன்பட்டிக்காரி. எட்டுப் பேருக்கும் மேல்பார்வை முத்துலட்சுமி.

"நீலப் பாக்கெட்டு ஷார்ட்."

"எத்தனை?"

"அஞ்சு பெட்டி."

"அஞ்சா? எலி கிலி தின்னுருக்குமோ."

"தின்ன எலி செத்துக் கெடக்கணும்ல. அதையும் காணோம்."

பூமாரி சிரிக்கவில்லை. அவள் வீட்டிலும் பந்தல் இருந்தது.

பெட்டி குறைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ரேக்கின் இரும்புக் கால். வெளியாட்களுக்கு இது புரியாது. விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரளாவுக்கு ஏறும். மலைக் கடைக்காரர்கள் முந்தின நாள் இரவே போனில் சொல்லிவிடுவார்கள். சொன்ன பெட்டியை அந்த ஜீப்பில்தான் போட்டுவிட வேண்டும். அதை விட்டால் அடுத்த நாள்தான். ஆனால் கம்ப்யூட்டரைத் திறக்கிற மேனேஜர் வருவதற்கு எட்டரை ஆகும். அதனால் பெட்டி முதலில் போகும், பில் பிறகு போடுவார்கள். மறந்துவிடாமல் இருக்க, பெட்டியை ஏற்றிவிட்டவர் அந்த ரேக்கின் காலில் வாழை நாரில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். ஒரு பெட்டிக்கு ஒரு முடிச்சு. பில் போடுகிறவர் முடிச்சை எண்ணிப் போட்டுவிட்டு நாரை அவிழ்த்துவிடுவார்.

எப்போதோ இருந்த ஒரு மேனேஜர் ஆரம்பித்து வைத்தது. பின்னால் வந்த யாரும் நிறுத்தவில்லை. கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகத்துக்கு இது தெரியாது.

எஃப் வரிசை மூன்றாம் ரேக்கின் நான்கு கால்களையும் முத்துலட்சுமி பார்த்தாள். நார் இல்லை.

ஆனாலும் தமிழ்மாறனுக்குப் போன் போட்டாள். தமிழ்மாறன் முத்துவீரனின் தம்பி. அவர்கள் வீட்டிலேயே இருக்கிறான். இந்த குடோனில் அவனைச் சேர்த்துவிட்டது அவள்தான். காலையில் ஜீப்புக்குப் பெட்டி ஏற்றுவது அவன் வேலை. இப்போது வாசலில் உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

"தமிழு, எஃப் மூணுல இருந்து ஜீப்புக்கு ஏதும் போச்சா?"

"இன்னைக்கு இல்ல மதினி. நேத்துக் காலைல போச்சு. கம்பம்மெட்டு பிஜு சேட்டனுக்கு. ஏலத்துல அழுகல் விழுந்துருச்சாம், இதத்தான் அடிக்காகளாம். அஞ்சு பெட்டி."

"முடிச்சுப் போட்டியா?"

"போடாம? அஞ்சு முடிச்சு. நல்ல புது நாரு."

"வந்து பாரு."

அவன் வந்து பார்த்தான். குனிந்து தரையையும் பார்த்தான்.

"இங்கனதான் மதினி போட்டேன். ஆத்தா சத்தியமா."

அடுத்த வரிசையில் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த கிருபாவதியின் கை நின்றது. கோம்பையிலிருந்து வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"வாழ நாரா அக்கா?" என்றாள்.

தமிழ்மாறன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நாந்தான் எடுத்தேன். நேத்து வரும்போது உதிரிப் பூ கொண்டாந்தேன்ல. கட்ட நாரு இல்ல. இதுல சும்மா சுத்திக் கெடந்துச்சு. நல்ல நாரா இருக்கேன்னு அவுத்துக்கிட்டேன்."

"சும்மா சுத்திக் கெடந்துச்சா?" என்றான் தமிழ்மாறன். "அஞ்சு முடிச்சு போட்டு ஒருத்தன் சும்மா சுத்துவானா?"

"முடிச்ச அவுக்கத்தான் கஷ்டமா இருந்துச்சு," என்றாள் கிருபாவதி. கண் கலங்கியிருந்தது. "அக்காவுக்கும் அதுல ஒரு முழம் குடுத்தேனே."

முத்துலட்சுமிக்கு நினைவு வந்தது. கனகாம்பரம். நேற்று அதை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். பூமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. அன்றைக்குக் குடோனில் யாராவது சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"அழுகாத," என்றாள் முத்துலட்சுமி. "ஒனக்கு யாரும் சொல்லல. போய் வேலையப் பாரு."

முடிச்சு இல்லாததால் நேற்று பில் விழவில்லை. பில் விழாததால் நேற்று முழுக்க கம்ப்யூட்டர் இல்லாத பெட்டியை இருப்பதாகச் சொல்லி ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் விஜய்பாண்டி மதுரைக்காரர். வந்து மூன்று மாதம் ஆகிறது. முப்பது வயது இருக்கும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் சொல்லி முடிக்கிறவரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பில் இல்லாம, ஸ்டேட் தாண்டி, அஞ்சு பெட்டி."

"ஆமா சார்."

"இப்படிப் போறது எனக்கும் தெரியும்னு வைங்க. ஆனா தெரியாதுன்னுதான சொல்லணும்." நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "சரி. ஷார்ட் போடுங்க. ஆர்டர் வந்த வரிசைல குடுப்போம். அதான் கம்பெனி ரூல்."

வரிசையில் முதலில் கம்பம் டீலர், நான்கு. அடுத்து உத்தமபாளையம், மூன்று. சின்னமனூர், இரண்டு. அத்தோடு ஒன்பது தீர்ந்தது. கூடலூர், காமயகவுண்டன்பட்டி தொடங்கிச் சுருளிப்பட்டி வரைக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி கேட்ட ஐந்து சின்னக் கடைகளுக்கும் இல்லை. அந்த ஐந்து ஊரிலும்தான் பந்தல் அதிகம்.

"பிஜுகிட்ட மிச்சம் இருந்தா தமிழ்மாறன அனுப்பித் திருப்பி வாங்குங்க," என்றார். "கெடச்சது வரிசைல அடுத்த கடைக்குப் போகட்டும். இனிமே ஜீப்புல எதுவும் ஏத்த வேணாம்."

"சரி சார்."

அவள் கதவு வரைக்கும் போனதும் கூப்பிட்டார்.

"அக்கா. கம்பம் டீலர் நாலு கேட்டிருக்காரு. அவர் கைல ஏற்கெனவே சரக்கு இருக்கும். மூணு போட்டுட்டு ஒன்ன உங்க ஊருக்கு மாத்திக்கங்க. நான் பாக்கல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்பது அவளுக்கே தெரியவில்லை.

எஃப் வரிசைக்கு வந்தபோது பூமாரி கம்பம் டீலருக்கான டிராலியில் மூன்று பெட்டி ஏற்றி, நான்காவதற்காகக் கையில் ஸ்கேன் மிஷினோடு நின்றாள். மற்றவர்கள் வேலையாக இருப்பதுபோல இருந்தார்கள். டேப் கிழிக்கிற சத்தம்கூட இல்லை. மேனேஜர் அறைக் கதவு மெல்லியது, எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

முத்துலட்சுமி ஒரு பெட்டியைத் தூக்கினாள். பத்துக் கிலோ. தினம் நூறு தூக்குகிற கை. பக்கத்தில் சின்னக் கடைகளுக்கான டிராலி காலியாக நின்றது. பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள்.

கம்பம் டிராலியில் வைத்தாள். பூமாரி ஸ்கேன் செய்தாள். மிஷின் கத்தியது.

"எடுத்துருக்கலாம்லக்கா," என்றாள் பூமாரி, தணிந்த குரலில்.

"எடுத்தா நீ என்ன கேப்ப?"

பூமாரி யோசித்தாள். "நானும் ஒன்னு கேப்பேன்."

"அதான்."

எட்டுப் பேரும் எட்டு ஊர். ஒரு மாதத்துக்கு முன்னால்தான், உரம் தட்டுப்பாடாக இருந்தபோது, ஆனைமலையன்பட்டி ஆள் ஒருவன் தன் மாமனுக்கு இரண்டு மூட்டை மாற்றிவிட்டான் என்று அவள்தான் சத்தம் போட்டாள். அந்த ஆள் இப்போது மூன்று வரிசை தள்ளி நின்று இவளைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. முத்துவீரன்.

"லோடு கெளம்பிருச்சா லட்சுமி? சுருளிராசன் கடைல நிக்கேன்."

"நம்மூருக்கு இல்லங்க."

"கொறச்சு வருதா?"

"ஒன்னுமே இல்ல. ஷார்ட்."

அந்தப் பக்கம் மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"தமிழு மேல போறான்," என்றாள். "திரும்பக் கெடச்சா கொண்டாருவான்."

"கெடச்சா நமக்கா?"

"நமக்கு முன்னால நாலு கடை இருக்கு."

"அப்பச் சரி," என்று வைத்துவிட்டான்.

கம்பம்மெட்டுச் சாலையில் மூடுபனி இறங்கியிருந்தது. தமிழ்மாறன் குடோன் பைக்கில் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறினான். மழைக்கோட்டின் தையல் விட்டிருந்தது. இரண்டாவது வளைவிலேயே சட்டை நனைந்துவிட்டது. தோட்டத்துக்குப் போன ஜீப் ஒன்று காலியாக இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் கையைக் காட்டினான். நேற்று அந்த ஐந்து பெட்டியையும் ஏற்றிப் போனவன் அவன்தான். தமிழ்மாறனும் கையைக் காட்டினான்.

பிஜு கடையில் இரண்டு பேர் சாமான் வாங்க நின்றிருந்தார்கள்.

"எந்தா தமிழே, இந்த மழையத்து?"

"சேட்டா, நேத்து வந்த அஞ்சு பெட்டில எத்தனை இருக்கு?"

"மூணு போயி. ரெண்டு உண்டு."

"அது ரெண்டும் வேணும். அங்கன ஒரு கொழப்பமாப் போச்சு."

பிஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடுத்த சாதனத்தத் திருப்பிக் கேக்குறது மோசம் கேட்டோ."

"மோசந்தான்."

"ஞான் இவருக்கு ஒரு பெட்டி தராம்னு வாக்கு பறஞ்சு போயி." நின்றிருந்தவர்களில் ஒருவரைக் காட்டினார். தோட்டத்து சூப்பர்வைசர். தமிழர்தான், கம்பத்தில் வீடு.

"ஏம்ப்பா, இங்கன அழுகல் விழுந்து கெடக்கு. ஒங்களுக்கு மட்டுந்தான் மழையா?" என்றார் அவர்.

"அங்கன பூவு சார். ரெண்டு நாள் தாங்காது."

"இங்கன காயி. அது மட்டும் தாங்குமா?"

தமிழ்மாறன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிஜு அவனைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார், உள்ளே போய் இரண்டு பெட்டியையும் எடுத்து வந்து வைத்தார்.

"சரி, கொண்டு போ. நாளைக்கு ஞான் ஒரு சாதனம் கேட்டா ஜீப்புல விடணும். மறக்கருது."

"விடுறேன் சேட்டா."

இனிமேல் ஜீப்பில் எதுவும் வராது என்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. பெட்டிகளைப் பாலித்தீனில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினான். சூப்பர்வைசர் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு நடந்தார்.

பாதி மலையில் சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்திப் போன் போட்டான்.

"மதினி, ரெண்டு கெடச்சுருக்கு."

"கூடலூருக்கு ஒன்னு. காமயகவுண்டன்பட்டிக்கு ஒன்னு. பில்லு போட்டாச்சு."

"காமயகவுண்டன்பட்டியத் தாண்டுனா நம்மூரு மதினி."

"தெரியும்."

"அண்ணன் பூவப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்காக."

"தெரியும்டா."

"நான் கொண்டுபோய் நம்ம கடைல எறக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

"பூமாரிக்குத் தெரியும். பக்கத்துலதான் நிக்கிறா. இப்பவே வீட்டுக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்கா."

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான். பிறகு, "என்ன மதினி இப்படி இருக்கீக," என்றான்.

"எப்படி இருக்கேன்?"

அவன் பின்னால் கட்டியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"காமயகவுண்டன்பட்டிக் கடைக்காரம்மாகிட்ட ஒன்னு சொல்லு," என்றாள் அவள். "ஆளுக்கு ஒரு பாக்கெட்டுதான் குடுக்கணும். ஒருத்தருக்கே பெட்டியோட தூக்கிக் குடுத்துரக் கூடாது. வெளியூர் ஆளு வந்தாலும் குடுக்கணும்."

வைத்துவிட்டு அவள் சுருளிராஜன் கடைக்குப் போன் போட்டாள். உங்கள் பெட்டி வெள்ளிக்கிழமைதான் வரும், காமயகவுண்டன்பட்டிக்கு ஒரு பெட்டி போகிறது, வேண்டியவர்கள் அங்கே போய்க் கேட்கலாம் என்றாள். கடையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் என்றாள். முத்துவீரனுக்கு என்று தனியாக எதுவும் சொல்லவில்லை.

காமயகவுண்டன்பட்டியில் கடை நடத்துவது உமாதேவி. வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பெட்டி வருவதற்கு முன்பே கடை வாசலில் ஆள் நின்றது. ஒரு பெட்டிக்கு இருபது பாக்கெட். பெட்டி வந்து சேர்வதற்குள் வரிசை அதையும் தாண்டிவிடும்போல இருந்தது.

முத்துவீரன் வந்து சேர்ந்தபோது வரிசை தெரு முனை வரைக்கும் போயிருந்தது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசியில் நின்றான்.

அவனுக்கு முன்னால் சின்னக்கருப்பு நின்றார். அறுபதைத் தாண்டியவர். மனைவியையும் மருமகளையும் கூட்டி வந்து வரிசையில் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தியிருந்தார்.

"குடும்பத்தோட கோயிலுக்கா வந்தீக பெருசு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆளுக்கு ஒன்னுதான்னா, ஆளக் கூட்டியாறது தப்பா?" என்றார் சின்னக்கருப்பு. திரும்பி முத்துவீரனைப் பார்த்தார். "ஏலே, நீ சுருளிப்பட்டி முத்துவீரன்ல? ஒம் பொண்டாட்டி அந்தக் குடோன்லதான இருக்கு?"

"ஆமா."

"அப்பறம் நீ என்னத்துக்கு இங்கன வந்து நிக்க?"

"அவ அங்கன இருக்குறதாலதான் நிக்கேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். முத்துவீரனும் கொஞ்சம் சிரித்தான்.

தமிழ்மாறன் கூடலூரில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தான். பெட்டியை இறக்கி வைத்து உமாதேவியிடம் கையெழுத்து வாங்கினான். மதினி சொன்னதைச் சொன்னான்.

"எனக்கே தெரியும் தம்பி," என்றார் உமாதேவி. "இத்தனை பேர நிக்க வச்சுட்டு ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு நான் கடை தொறக்கவா?"

வெளியே வந்தவன் அண்ணனைப் பார்த்தான். பக்கத்தில் வந்தான்.

"எல்லாத்தையும் போட்டுட்டியா?" என்றான் முத்துவீரன்.

"போட்டுட்டேன்ணே."

"தலையத் தொவட்டு. காச்ச வந்துரும்." தன் துண்டையே எடுத்துக் கொடுத்தான்.

தமிழ்மாறன் துவட்டிக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான். அவனும் ஓர் ஆள்தானே. அவனுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது உமாதேவி காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

முத்துவீரனுக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின பாக்கெட். சின்னக்கருப்பு வீட்டில் மூன்று. அவரிடம் ஒன்றைக் கேட்கலாம் என்று தமிழ்மாறன் சொன்னான். "அவருக்கும் ரெண்டு ஏக்கருடா," என்றான் முத்துவீரன்.

ஒரு பாக்கெட் அரை ஏக்கருக்கு வரும். நான்காகப் பிரித்துத் தண்ணீர் மாதிரி அடித்தால் எதற்கும் ஆகாது என்று இருவருக்கும் தெரியும். தோட்டத்துக்கு வந்து பந்தலுக்கு அடியில் குனிந்து ஒரு முறை சுற்றி வந்தார்கள். கிழக்குப் பக்கம் பூ இப்போதுதான் விரிந்திருந்தது, இலையின் அடியில் வெள்ளை படியவில்லை. மேற்குப் பக்கம் அங்கங்கே படிய ஆரம்பித்திருந்தது.

"கெழக்க அடிப்போம்," என்றான் முத்துவீரன்.

"மேக்கதான அண்ணே மோசமா இருக்கு?"

"அதான். கெழக்க அடிப்போம்."

மழை விட்டிருந்தது. தமிழ்மாறன் மருந்து கரைத்தான். முத்துவீரன் பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அரை ஏக்கரை அடித்து முடித்தான். பிறகு ஸ்பிரேயரைக் கழுவி மங்கிய வெயிலில் கவிழ்த்து வைத்தான்.

குடோனில் முத்துலட்சுமி கிளம்பும்போது விஜய்பாண்டி வாசலுக்கு வந்தார்.

"ஷார்ட் எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க, சொல்ல வேண்டியதாப் போச்சு. திங்கட்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு பேர் வர்றாங்களாம் அக்கா. அஞ்சு பெட்டிய ஜீப்புல ஏத்துனது யாருன்னு ஒரு பேர் வேணும்கிறாங்க."

"எல்லாருந்தான் சார் ஏத்துறோம்."

"எல்லாரும்னு எழுத முடியாது. ஒரு பேரு."

"ஏத்தச் சொல்லிப் பழக்குனது யாரு சார்?"

"அவர் ரிட்டயர் ஆகிப் போயிட்டாராம்ல." விஜய்பாண்டி செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நானா ஒரு பேர எழுத மாட்டேன். நீங்க மேல்பார்வை. நீங்க சொல்றத எழுதுறேன்."

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பூமாரி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்கு ஒரு பாக்கெட் கிடைத்திருந்தது.

"ஒங்களுக்கு?"

"ஒன்னு."

"எங்களுக்கு முக்கா ஏக்கருதாங்க்கா. ஒங்களுக்குத்தான்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். காமயகவுண்டன்பட்டியில் இறங்கும்போது முத்துலட்சுமியின் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினாள்.

வீட்டில் தமிழ்மாறன் தும்மிக்கொண்டிருந்தான். அவள் மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

"கெழக்க அடிச்சோம்," என்றான் முத்துவீரன்.

"சொன்னான்."

"ஒன்ன நான் குத்தம் சொல்லல லட்சுமி."

"சொல்லுங்க. சொன்னா என்ன இப்ப."

"சொல்றதுக்கும் தெம்பு வேணும்ல," என்றான். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

தமிழ்மாறன் அவளைப் பார்த்தான். "நாளைக்கு ஜீப்புக்கு யாரு மதினி போறது?"

"ஜீப்பே இல்ல. நீ எட்டு மணிக்கு வா, போதும்."

"வேற ஏதும் சொன்னாகளா?"

"ஒன்னும் சொல்லல. சாப்புடு."

படுத்த பிறகு மறுபடி மழை பிடித்தது. யாரும் எழுந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் லோடு வந்தது. நாற்பது பெட்டி நீலப் பாக்கெட். சுருளிராஜன் கடைக்கு ஒரு பெட்டி போனது. அதற்குள் மேற்குப் பக்கத்துப் பூ கருகிவிட்டிருந்தது. விஜய்பாண்டி கேட்ட பேரை முத்துலட்சுமி இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய இரும்பை எடைக்கு எடுக்கிற தங்கப்பாண்டி நான்கு ஆட்களோடு வந்து ஒன்றரை ஏக்கர் பந்தலைப் பிரித்தான். கம்பியைச் சுருட்டி டிராக்டரில் ஏற்றினார்கள். பந்தலைத் தாங்கிய கல்லுக்காலைப் பிடுங்கக் கூலி கூட ஆகும் என்றான். கல்லுக்கால் அப்படியே நிற்கட்டும் என்றான் முத்துவீரன். கிழக்கே அரை ஏக்கர் பந்தல் இருக்கிறது.